தேவாரம் கற்க ஓதுவாரிடம் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

"பக்தி இருந்தால் போதும், பண் தானாக வரும்" என்று, கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவாரிடம் கற்க வருகிறவர்கள் ஒரு வகை. "குரல் இருக்கிறது, நாலு பதிகம் தெரிந்தால் மேடையில் பாடிவிடலாம்" என்று வருகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டு வகையினருமே சில மாதங்களில் நின்றுவிடுவதை நான் கற்ற இடத்தில் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். தேவாரத்தில் அன்பும் இசையும் ஒரே பாடத்தில்தான் வருகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் (தேவாரப் பதிகங்கள்) பாட ராசராசன் 48 பேரை நியமித்தான். அவர்களில் ஒருவர் இறந்தால் உறவினர் அந்த இடத்துக்கு வரலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைப் பாட வைக்க வேண்டும் என்று கல்வெட்டு சொல்கிறது. பரம்பரை உரிமைக்குக்கூட அங்கே பயிற்சியிலிருந்து விலக்கு இல்லை.

இப்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, யூடியூப்பில் கேட்டுப் பதிகத்தை மனப்பாடம் செய்துவிட்டு அதைத் 'திருத்திக்கொள்ள' ஆசிரியரிடம் போவது. பதிவில் பாடியவர் கச்சேரிக்காகச் சேர்த்த சங்கதிகளும் (ஓர் அடியை விதவிதமாக மாற்றிப் பாடும் அலங்காரங்கள்) அவர் மூச்சு விட்ட இடங்களும் நம் தொண்டையில் படிந்துவிடும். புதிதாகக் கற்பதைவிடப் படிந்ததைக் கலைப்பதற்கு அதிக நாளாகும். முதலில் ஆசிரியர் வாயிலிருந்து கேளுங்கள். பதிவுகள் பிறகு கேட்கத்தான்.

அடுத்தது சொல். இதில்தான் எனக்கு அதிகக் கவலை. புத்தகத்தில் 'பெம்மா னிவனன்றே' என்று சீர் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். அப்படியே 'பெம்மா' என்று நிறுத்தி மூச்சு வாங்கினால் பெருமான் பாதியில் உடைந்துவிடுகிறார். அது 'பெம்மான் இவன் அன்றே'. பால் கொடுத்தது யார் என்று தந்தை அதட்டிக் கேட்டபோது, சீகாழிக் குளக்கரையில் குழந்தை சம்பந்தர் கைநீட்டிக் காட்டி, 'இவன் அல்லவா' என்று சொன்ன சொல் அது. 'அன்றே' என்பதை 'அன்றைக்கே' என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பொருள் தெரிந்த நாளில் அந்த விரலும் சேர்ந்து தெரியும். குரல் தானாக நிமிரும்.

'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' பதிகம் கொல்லி என்ற பண்ணில் (பழந்தமிழ் ராகத்தில்) அமைந்தது, இன்று நவரோஸ் ராகத்தில் பாடுகிறோம். அந்த ராகத்தின் இனிமையில் மயங்கி நான் ஒவ்வொரு அடியையும் குழைத்துக் குழைத்துப் பாடினேன். என் ஆசிரியர் ஐயா சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டு, "வயித்து வலியில துடிக்கிறவர் இப்படியாப்பா கூப்பிடுவார்?" என்று மட்டும் கேட்டார். திருவதிகையில் தமக்கை திலகவதியார் தந்த நீற்றைப் பூசிக்கொண்டு, சூலை நோயோடு அப்பர் பாடிய முதல் பதிகம் அது. அன்றைக்கு என்னால் மேலே பாட முடியவில்லை. அடுத்த வாரம் பாடியபோது சங்கதிகள் பாதி குறைந்திருந்தன. ஐயா ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாட்டுக்குப் போனார்.

பாடாந்தரம், அதாவது ஆசிரியர் வழியாக வரும் பாடும் முறை, அந்த விஷயத்திலும் பொறுமை வேண்டும். பழந்தக்கராகம் என்ற பண்ணைச் சுத்த சாவேரி ராகத்தில் பாடுகிறவர்களும் உண்டு, ஆரபியில் பாடுகிறவர்களும் உண்டு. வேறிடத்தில் வேறு மாதிரி கேட்டதும் நம் ஆசிரியர் தவறு என்று முடிவு கட்டாதீர்கள். அவரிடமே கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று மனத்துக்குள் சந்தேகத்தை வைத்துக்கொண்டிருப்பதும் தவறுதான். ஒரு பாடாந்தரம் உறுதியாகும்வரை இரண்டு இடத்தில் கற்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள்.

அப்பர் பாடிய தேவார வகைகளில் ஒன்றான திருத்தாண்டகம் தாளமின்றிச் சுத்தாங்கமாகப் பாட வேண்டியது. அதற்கு வலியத் தாளம் போடாதீர்கள்.

வகுப்போடு நின்றுவிடாதீர்கள். மாலைப் பூசையில் தீபாராதனை முடிந்து ஓதுவார் பஞ்சபுராணம் பாடும் நேரத்தில் கோயிலில் இருங்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று வரிசையாக ஒவ்வொரு பாட்டு வரும். மணியோசை, கூட்டம், குழந்தை அழுகை எல்லாவற்றுக்கும் நடுவே சுருதி விலகாமல் அவர் எப்படி நிற்கிறார் என்று கவனியுங்கள். முதல் சில மாதங்களுக்கு நீங்கள் சேர்ந்து பாட வேண்டியது, தொடக்கத்திலும் முடிவிலும் அவர் சொல்லும் 'திருச்சிற்றம்பலம்' மட்டும்தான்.