பழைய கணினி கேம்களைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைகளில் விற்காத, தயாரித்தவர்களே கைகழுவிய கேம்களை ‘அபாண்டன்வேர்’ என்று இணையத்தில் தனி ரகமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு ரகம் கிடையாது. அமெரிக்கச் சட்டப்படி, ஒரு நிறுவனம் தன் ஊழியர்களை வைத்து உருவாக்கி வெளியிட்ட படைப்புக்கு, வெளியான ஆண்டிலிருந்து பொதுவாக 95 ஆண்டுகள் உரிமை உண்டு. 1985இல் வந்த கேம் 2080 முடியும்வரை யாரோ ஒருவரின் சொத்துதான். இதுவரை யாரும் வழக்குப் போடவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

கம்பெனியே மூடிவிட்டது, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்பது அடுத்த தப்புக்கணக்கு. ‘சிஸ்டம் ஷாக் 2’ கேமை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் 2000இல் மூடப்பட்டது. அதன் உரிமை கடைசியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்திருந்தது. நைட்டைவ் நிறுவனம் அவர்களிடம் உரிமம் பெற்ற பிறகு, 2013இல் அது ஜிஓஜி என்ற இணையக் கடையில் முறைப்படி விற்பனைக்கு வந்தது. ‘நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்’ கேமுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. யாரிடம் எந்தப் பங்கு இருக்கிறது என்பதே தெளிவாகாமல் மறுவெளியீட்டு முயற்சி நின்றுபோனது.

அதனால் தேடும் வரிசை முக்கியம். பலர் தேடுபொறியில் முதலில் வரும் டவுன்லோடு பக்கத்தைத் திறக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஜிஓஜி, ஸ்டீம் போன்ற கடைகள்; தள்ளுபடிக் காலத்தில் பழைய கேம்கள் மிக மலிவாகவே கிடைக்கும். அடுத்து, உருவாக்கியவர்களின் சொந்தத் தளம். மூன்றாவது, பழைய சாகச கேம்களை ஓட்டும் ஸ்கம்விஎம் நிரலின் தளத்திலுள்ள இலவச கேம் பகுதி: ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’, ‘ஃபிளைட் ஆஃப் தி அமேசான் குவீன்’ போன்றவை உரிமையாளர் சம்மதத்தோடு அங்கே இருக்கின்றன. பெதஸ்டா நிறுவனம் தன் ‘அரீனா’வை 2004இலும் ‘டாகர்ஃபால்’ கேமை 2009இலும் இலவசமாக்கியது. இரண்டும் இப்போது ஸ்டீமிலும் உண்டு. இவை எதிலும் இல்லையென்றால் பழைய அசல் டிஸ்க்கை வாங்குவதுதான் வழி. அப்படித் தேட வேண்டியவைதான் அதிகம்: அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

இலவசம் என்ற ஒரே பெயரில் மூன்று விஷயங்கள்

ஃப்ரீவேர் (முழுதும் இலவசமாகத் தருவது), ஷேர்வேர் (ஒரு பகுதியை இலவசமாகப் பரப்ப விடுவது), ஓப்பன் சோர்ஸ் (மூலநிரலைத் திறந்து தருவது) மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது இந்த வட்டாரத்தின் தீராத வியாதி. ‘டூம்’ நல்ல உதாரணம். அதன் மூலநிரல் 1997இல் வெளியிடப்பட்டது, பின்னர் ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்துக்கு மாறியது. ஆனால் படங்கள், ஒலிகள், வரைபடங்கள் அடங்கிய வேட் கோப்பு இன்றும் விற்பனைப் பொருள்தான். முதல் எபிசோட் மட்டும் இருக்கும் ஷேர்வேர் வேட் கோப்பைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். முழுப் பதிப்பின் கோப்பை யாரிடமோ இருந்து இறக்குவது மீறல். காசு கொடுக்காமல் முழுசாக ஆட நினைப்பவர்களுக்காகவே ஃப்ரீடூம் திட்டம் புதிதாக வரைந்த தரவுகளைத் தருகிறது.

பழைய கணினியைப் போல நடிக்கும் நிரலான எமுலேட்டரிலும் இதே சிக்கல். அமிகா என்ற பழைய கணினிக்கான எமுலேட்டரை நிறுவுவதில் தவறில்லை. அதற்குத் தேவையான கிக்ஸ்டார்ட் ரோம் (அந்தக் கணினியின் சிப்பில் பதிந்திருந்த தொடக்க நிரல்) பதிப்புரிமைக்கு உட்பட்டது. அமிகா ஃபாரெவர் தொகுப்பை வாங்கினால் உரிமத்தோடு கிடைக்கும். ஏரோஸ் என்ற இலவச மாற்று பல கேம்களுக்குப் போதும். ரோலண்ட் எம்டி-32 என்ற பழைய இசைக் கருவிக்கான ரோமும் அப்படித்தான். அது இல்லையென்றால் கேமின் செட்டப்பில் ஆட்லிப் அல்லது சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையைத் தேர்ந்தெடுங்கள். இசை கொஞ்சம் மெலிந்து கேட்கும், அவ்வளவுதான்.

ஓடவைக்கும்போது

பழைய டாஸ் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் நிரலில் முழு ஹார்ட் டிஸ்க்கையும் சி டிரைவாக மவுண்ட் செய்யாதீர்கள் (இணைக்காதீர்கள்). உள்ளே ஓடும் பழைய நிரல் எந்தக் கோப்பையும் அழிக்கலாம், மாற்றலாம். தனி ஃபோல்டர் ஒன்று உருவாக்கி அதை மட்டும் மவுண்ட் செய்யுங்கள். உள்ளிருக்கும் பெயர்கள் இடைவெளி இல்லாமல் 8 எழுத்துக்குள் இருக்கட்டும். நீளமானால் டாஸ் அதை வெட்டிக் காட்டும், கேம் தன் கோப்பையே தேடித் தவிக்கும்.

வேகம்தான் அதிகம் படுத்தும். 80களின் கேம்கள் பல, பிராசசரின் வேகத்தையே கடிகாரமாக எண்ணி எழுதப்பட்டவை. டாஸ்பாக்ஸின் வேக அளவான சைக்கிள்ஸ் மதிப்பை ‘மேக்ஸ்’ என்று வைத்தால் கண் இமைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். 3000இல் தொடங்குங்கள், கன்ட்ரோலுடன் எஃப்12 அழுத்தினால் கூடும், எஃப்11 அழுத்தினால் குறையும். ‘ரன்டைம் எரர் 200’ என்று வந்து நின்றால் டவுன்லோடைக் குறை சொல்லாதீர்கள். டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய பல நிரல்கள் தொடக்கத்தில் கணினியின் வேகத்தை அளக்கும். வேகம் மிகுந்தால் அந்த வகுத்தல் கணக்கு உடைந்துவிடும். சைக்கிள்ஸைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஒலி வராமல் உறைந்து நிற்பதற்குப் பெரும்பாலும் ஐஆர்கியூ எண்தான் (ஒலி அட்டை பிராசசரை அழைக்கும் வழியின் எண்) காரணம். டாஸ்பாக்ஸின் இயல்பு அமைப்பு முகவரி 220, ஐஆர்கியூ 7, டிஎம்ஏ 1. கேமின் செட்டப்பில் ஐஆர்கியூ 5 என்றிருந்தால் 7 ஆக்குங்கள்.

சிடி கேமில் பேச்சு கேட்கிறது, பின்னணி இசை மட்டும் இல்லை என்றால் டிஸ்க்கை ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுத்திருப்பீர்கள். ஐஎஸ்ஓவில் தரவு மட்டும்தான் ஏறும், ஆடியோ டிராக்குகள் ஏறாது. ‘பின்’ (.bin), ‘க்யூ’ (.cue) என்ற இரு கோப்புகளின் ஜோடியாக எடுத்து, க்யூ கோப்பை டாஸ்பாக்ஸின் இமேஜ் மவுண்ட் (imgmount) கட்டளையில் கொடுங்கள்.

முகங்கள் எல்லாம் சப்பையாகத் தெரிந்தால் டாஸ்பாக்ஸின் ஆஸ்பெக்ட் அமைப்பை இயக்குங்கள். 320×200 திரை 4:3 மானிட்டருக்காக வரையப்பட்டது, அதன் ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைப் போல 1.2 மடங்கு உயரம்.

விண்டோஸ் 95 காலத்து டிஸ்க்குகளில் தடை வேறுவிதம். கேம் 32 பிட்டாக இருந்தாலும் இன்ஸ்டாலர் 16 பிட்டாக இருப்பது சகஜம், 64 பிட் விண்டோஸ் அதைப் பெரும்பாலும் தொடாது. லினக்ஸில், விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் வழியாகப் பலவும் நிறுவிவிடும். சேஃப்டிஸ்க் என்ற நகல்தடைப் பாதுகாப்புள்ள டிஸ்க்குகள் இன்னும் மோசம்: பாதுகாப்பு ஓட்டை என்பதால் அதன் டிரைவரை விண்டோஸ் 10 ஏற்பதில்லை. உடனே கிராக் (பூட்டை உடைக்கும் கோப்பு) தேடிப் போவதுதான் பலரின் பழக்கம். அமெரிக்காவில் பூட்டை உடைப்பது டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தின் 1201ஆம் பிரிவின்படி தனிக் குற்றச்சாட்டு. அதோடு, கிராக் கோப்புகளில்தான் வைரஸ் ஒளிந்துகொள்ளும். அந்த கேமின் பூட்டில்லா மறுவெளியீடு கடைகளில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அல்லது பதிப்பாளரே வெளியிட்ட கடைசி பேட்ச்சைத் தேடுங்கள். சில பேட்ச்கள் டிஸ்க் சோதனையையே நீக்கியிருக்கின்றன.

டிஸ்க் வாங்கும்போது கையேடும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். ‘12ஆம் பக்கத்தில் மூன்றாவது சொல் என்ன’ என்று, நகலெடுத்தவரா எனச் சோதிக்க நடுவில் கேட்கும் கேம்கள் ஏராளம்.

பழைய ஃப்ளாப்பியை டிரைவில் போடும் முன் எழுதுதடையை இயக்குங்கள்: 3.5 அங்குலத்தில் மூலைத் துளை திறந்திருக்க வேண்டும், 5.25 அங்குலத்தில் பக்கவாட்டு வெட்டை மறைத்து ஒட்ட வேண்டும். யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் அமிகா டிஸ்க்கைப் படிக்காது, அதற்கு கிரீஸ்வீசில் போன்ற, ஃப்ளாப்பி டிரைவைக் கணினியோடு இணைக்கும் போர்டும் உண்மையான டிரைவும் தேவை.