‘சந்தோசம்’ கொடுப்பது தப்பா? தோட்டக் கம்பனிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் தோட்டக் கம்பனி ஊழலைப் பற்றிப் பேச்செடுத்தால், “இதெல்லாம் நம்ம ஆட்களின் பழக்கம்தானே” என்று யாராவது முடித்துவிடுவார்கள். முதல் தவறு அதுதான். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய பெரியகங்காணி, சொந்தபந்தங்களைத் திரட்டிக் கூட்டிவந்தார். வேலைக்கு இறங்கிய ஆளுக்கு இவ்வளவு என்று தோட்டம் அவருக்குத் தலைக்காசு கொடுத்தது. கடன் கணக்கும் அவர் கையில். தோட்டம் மாற வேண்டுமென்றால் கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ என்ற சீட்டு வேண்டும். 1921 இல் துண்டை ஒழித்தார்கள். முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) விழவும் ‘நம்ம ஆள்’ ஒருவரைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. உறவை வைத்து வேலை வாங்கியது நிர்வாகம், பழி பண்பாட்டுக்கு!

அப்புறம், ‘சந்தோசம்’ என்ற ஒரே பேரில் வெகுமதியையும் லஞ்சத்தையும் குழப்புவது. தீபாவளிப் பலகாரத் தட்டில் ஒரு குற்றமும் இல்லை. அதையே லொறி ஒப்பந்தக்காரர், டெண்டர் திறக்க ஒரு வாரம் இருக்கையில் பில் பார்ப்பவர் வீட்டுக்கு அனுப்பினால்? காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும். பாதிதான். ஏனென்றால் கோயில் திருவிழா நன்கொடையை ஒலிபெருக்கியில் பேர் சொல்லியே கொடுக்கிறார்கள். உரம் விற்பவர் தேருக்குப் பணம் தருகிறார். கோயில் கமிட்டித் தலைவரே கம்பனியில் உரம் வாங்குபவர். சாமி காரியம் என்பதால் யாருக்கும் கேட்க வாய் வராது. இப்படிப்பட்டவர் அந்தக் கொள்வனவிலிருந்து விலகி நிற்பதுதான் சரி. ரசீது இருக்கிறது என்பது பதிலாகாது.

தனியார் கம்பனிக்குள் நடப்பது சட்டத்துக்கு வராது என்று நம்புகிறவர்களும் உண்டு. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை லஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. முறையிட இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இலஞ்சச் சட்டம் வந்த வருடமும் அதுதான், மறக்காது.

கணக்காய்வுக்கு வருகிறவர்கள் செய்யும் தவறு வேறு. “முறைப்பாடு எதுவும் இல்லை” என்று எழுதிக்கொண்டு மலையிறங்குவார்கள். தோட்ட முகாமையாளரான துரையை எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று எடையில் கூடுதலாகக் கழித்தாலும் வாய் திறப்பார்களா? முறைப்பாட்டுப் பெட்டி வைத்த ஒரு தோட்டத்தைப் பார்த்திருக்கிறேன். பெட்டியின் சாவி நிறுவைக்காரரிடமே இருந்தது.