சங்கை அளந்து சிற்பம் செய்தல்

சங்குச் சிற்பம் ஒன்றை வடிவமைக்க, மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வெறுஞ்சங்கு ஒன்று போதும். சங்கினுள் வாழும் உயிரி தன் ஓட்டை வாய்விளிம்பில் மட்டுமே கூட்டிக் கட்டுவதால், பருமன் பெருகுகிறதே தவிர வடிவம் மாறுவதில்லை. 1638 இல் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் விவரித்த மடக்கைச் சுருளி, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மடங்கு பெருக்கும் சுருள், சங்கில் அமைவது இதனால்தான்.

அடுத்தடுத்த இரு சுற்றுகளின் அகலத்தை ஒரே பக்கத்தில் இடுக்கிமானியால் அளந்து, பெரியதைச் சிறியதால் வகுங்கள். 10, 16 மில்லிமீற்றர் எனக் கிடைத்தால் விகிதம் 1.6. படிக்கு 15 பாகை வீதம் திருப்பினால் ஒரு சுற்றுக்கு 24 படிகள்; எனவே ஒரு படியின் பெருக்கம் 1.6 இன் 24 ஆம் மூலமான 1.0198 ஆகும்.

முப்பரிமாண உருவங்களை வரையும் இலவச மென்பொருளான பிளெண்டரில், சங்கின் நுனியை ஆதிப்புள்ளியாகக் கொண்டு, அதற்குக் கீழே சற்று விலகி, அச்சுக்கு நெடுக்காக ஒரு வளையத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு படியிலும் 1.0198 மடங்கு பெருத்து 15 பாகை திரும்பும்படி 96 பிரதிகள் எடுத்து, வளையங்களை ஒன்றோடொன்று இணைத்தால் நான்கு சுற்றுச் சங்கு உருவாகும். சாதாரணச் சங்கைப் போல, நுனிப்பக்கமான மேலிருந்து பார்க்கையில் அது கடிகார முள்ளின் திசையில் சுற்ற வேண்டும். பிளெண்டரில் குறியிடாத பாகை எதிர்த்திசையில் திருப்பும்; ஆகவே பாகைக்கு மறைக்குறி இடுவது அவசியம். நான் அதை இடாமல் விட்டிருந்தேன். திரையில் மூன்று நாள் பார்த்தும் புலப்படாத பிழையை, முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்ட 6 சென்ரிமீற்றர் மாதிரியைக் கையில் வாங்கிய பக்கத்து வீட்டு அம்மா, இந்த வலம்புரியை (எதிர்ப்புறமாகச் சுற்றும் அரிய சங்கை) எங்கே எடுத்தாய் என்று கேட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

ஆகையால் அழகு பாராமல், 0.3 மில்லிமீற்றர் படைகளில் சிறு மாதிரிகளை விரைவாக அச்சிட்டுப் பாருங்கள். சுவரின் தடிப்பை மட்டும் ஒவ்வொரு பருமனுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்: 1 மீற்றர் சிற்பத்தின் 10 மில்லிமீற்றர் சுவர், 6 சென்ரிமீற்றருக்குச் சுருங்கும்போது 0.6 ஆகி, விரல் பட்டதும் நொறுங்கும். மாதிரியை நெடுக்காக இரண்டாக வெட்டி அச்சிடுவது நல்லது. அச்சிடும்போது தொங்கும் பகுதிகளைத் தாங்க அமையும் தாங்குகால்கள் முழுச்சங்கின் வயிற்றுக்குள் அகப்பட்டால், அவற்றைப் பிடுங்கி எடுக்க வழியில்லை.

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அச்சிடப் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை ஈரத்தை உறிஞ்சி, அச்சிடும்போது சடசடவென்று பொரியும். இறுக மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வையுங்கள். அதே இழை ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் இளகுவதால், வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் மாதிரியை விட்டுச் செல்லலாகாது. வெளியில் நிறுத்தும் சிற்பத்துக்கும் அது ஏற்றதன்று. அதற்கு, அச்சிட்ட இரு பாதிகளையும் புட்டி பூசி, படைவரிகள் மறையும்வரை அரத்தாளால் தேய்த்து, சிலிக்கோன் வார்ப்பு அச்சு எடுத்து, சீமெந்தில் வார்த்தெடுங்கள்.