கட்டி மட்டுமா, முழு மார்பகமுமா?

எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும், “முழுவதையும் எடுத்துவிட்டால் நிம்மதி” என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுங்கள். ஆரம்பக் கட்டத்தில், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டாலும் மார்பகத்தையே அகற்றினாலும் உயிர்வாழும் வாய்ப்பு ஒரே அளவுதான். பெண்களை 20 ஆண்டுகள் கவனித்த அமெரிக்க, இத்தாலிய ஆய்வுகள் 2002-இல் இதையே காட்டின.

ஆகவே கட்டியை மட்டும் எடுப்பதானால் முதலில் யோசிக்க வேண்டியது கதிர்வீச்சு. வாரக்கணக்கில் போய்வர முடியுமா? அதே மார்பில் முன்பே கதிர்வீச்சு பெற்றிருக்கிறீர்களா? மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ (BRCA) மரபணு மாற்றம் இருந்தால் கணக்கே மாறும்; சோதனை தேவையா என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள்.

“வெட்டியெடுத்த கட்டியின் விளிம்பில் புற்றுநோய்ச் செல்கள் தென்பட்டால்?” என்று கேட்டேன். “மறுபடி அறுவை” என்றார் மருத்துவர். இது தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எனக்கு வெவ்வேறு மூலைகளில் கட்டிகள், முழுவதையும் எடுத்தேன். நீர் வடியும் குழாயோடுதான் வீடு திரும்பினேன். அந்த நீர் சேரும் குப்பியை வைக்க இரவு உடையின் உள்பக்கம் ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள், மருத்துவமனையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

மார்பக மறுசீரமைப்பு உடனேயா, பிறகா என்பதையும் அப்போதே பேசுங்கள். முழு அகற்றத்துக்குப் பிறகும் சிலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படும். அது மறுசீரமைப்பில் உள்ளே வைக்கும் செயற்கை மார்பகத்தைப் பாதிக்கலாம். முடிவெடுக்க எவ்வளவு அவகாசம் என்று கேளுங்கள். பெரும்பாலும் அன்றைக்கே சொல்லத் தேவையிருக்காது.