கொண்டை ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டும்

விமான நிலைய வேலைக்கு நேர்காணல் என்று தகவல் வந்ததும் எங்கள் தெருப் பெண்கள் முதலில் ஓடுவது பியூட்டி பார்லருக்கு. ஆயிரம் ரூபாய் கொடுத்து முகத்தை வெளுத்துக்கொண்டு, தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு வந்து, "அக்கா, எப்படி இருக்கிறேன்?" என்பார்கள். "கல்யாண வரவேற்பில் பன்னீர் தெளிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறாய்" என்பேன். முகம் சுருங்கிவிடும். சுருங்கட்டும், நேர்காணல் அறையில் சுருங்குவதைவிட என் வீட்டுக் கூடத்தில் சுருங்குவது மேல்.

சென்னை விமான நிலையத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் தரைப்பணியில் இருந்தேன். ஏழு ஆண்டு செக்-இன் கவுன்ட்டர், மிச்சம் போர்டிங் கேட். இப்போது பம்மலில் வீட்டோடு இருக்கிறேன். நேர்காணலுக்கு முந்தின நாள் மாலை பிள்ளைகள் வந்து என் கண்ணாடி முன் நிற்பது வழக்கமாகிவிட்டது. அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பிறகுதான் கிளம்புகின்றன. இரவு ஒன்பது மணிக்குப் பணிக்கு வந்தவர் விடியற்காலை நான்கு மணிக்கும் கவுன்ட்டரில் நின்றுகொண்டிருப்பார். அப்போது முன்னால் வரும் பயணிக்கு அவர் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் போலத் தெரிய வேண்டும். இந்த வேலை கேட்பது அழகை அல்ல, அந்த நீடிப்பை. நீங்கள் செய்துகொள்ளும் ஒவ்வொன்றையும் "இது விடியும்வரை தாங்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிச் செலவு மிச்சமாகும்.

முதலில் கொண்டை. தோளைத் தாண்டிய முடி என்றால் பெரும்பாலான நிறுவனங்களில் கொண்டைதான். அன்று காலையில் தலைக்குக் குளிக்காதீர்கள். புதிதாக அலசிய முடி வழுக்கும், ஊசி நிற்காது. முந்தின நாளே குளித்துக் காய வைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஏசியை விட்டு வெளியே வந்து இரண்டு நிமிடம் நின்றால் நெற்றியில் வழியும். முடியை வாரிக் காதின் மேல்நுனி உயரத்தில் இறுக்கமான குதிரைவால் போடுங்கள். அதில் கடைகளில் கிடைக்கும் வளைய வடிவ ஸ்பாஞ்சை மாட்டி, முடியைச் சுற்றிலும் பரப்பி, நுனிகளை அடியில் செருகுங்கள். அதன்மேல் முடியின் நிறத்திலேயே வலை. கொண்டை ஊசியைக் குத்தும்போது நுனி முதலில் வெளிப்பக்கமாக நுழைந்து, சற்று முடியைக் கோர்த்த பிறகு தலையை ஒட்டித் திரும்பி உள்ளே போக வேண்டும். நேராகக் குத்தினால் ஒரு மணி நேரத்தில் தானே எழுந்து வரும். ஆறு ஊசி போதும். இருபது குத்துகிறவர்களுக்குக் குத்தத் தெரியவில்லை என்று பொருள். நெற்றியோரத்துக் குட்டி முடிகளுக்குப் பழைய பல் துலக்கியில் துளி ஜெல் தொட்டுப் படிய வாருங்கள். கடைசியாக ஒரு சோதனை: இருபது முறை நன்றாகக் குனிந்து நிமிருங்கள். பெட்டிக்கு டேக் ஒட்ட ஒரு ஷிஃப்டில் நூறு முறைக்கு மேல் குனிய வேண்டும். இருபதுக்கே ஆடுகிற கொண்டையை அவிழ்த்து மறுபடி போடுங்கள்.

மல்லிகைப் பூ கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்கே மனம் வராது. ஆனால் கிடையாது.

முகத்துக்கு வருகிறேன். கறுப்பாக இருக்கும் பெண்களிடம் "உன் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பாகப் போட்டுக்கொள்" என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சி வகுப்புகள் உண்டு. எனக்கு அடங்காத கோபம் வருவது அங்கேதான். என்னுடைய நிறம் அடுப்புக் கரிக்குப் பக்கத்து வீடு. பன்னிரண்டு ஆண்டில் அதைப் பற்றி ஒரு மேற்பார்வையாளரும் என்னிடம் பேசியதில்லை. முகம் ஒரு நிறமும் கழுத்து ஒரு நிறமுமாக வந்தவர்களைக் கழுவிவிட்டு வரச் சொன்னதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஃபவுண்டேஷன் வாங்கும்போது மணிக்கட்டில் தடவிப் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தடவிய இடம் எது என்று தேட வேண்டியிருந்தால் அதுவே உங்கள் ஷேடு. கண் மை பரவாத வகையாக இருக்கட்டும். உதட்டுச் சாயம் பளபளப்பு இல்லாததாக இருந்தால் டீ குடித்த பிறகும் நிற்கும். நகம் விரல்நுனியை ஒட்டி வெட்டியிருக்க வேண்டும். பூச்சு என்றால் ஒரே நிறம், உரிந்திருக்கக் கூடாது. உரிந்த பூச்சைவிட வெறும் நகம் எவ்வளவோ மேல்.

நம் ஊர் வழக்கங்கள் பற்றிய கேள்விகள்தான் அதிகம் வரும். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டாம், சட்டைக்குள் போய்விட வேண்டும். மெட்டி ஷூவுக்குள் இருப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் இறுகிய ஷூவில் ஒன்பது மணி நேரம் மெட்டி அழுத்தினால் பக்கத்து விரல் புண்ணாகும் என்பதை அனுபவித்துச் சொல்கிறேன். மூக்குத்தி ஒற்றைக் கல்லாக இருந்தால் பல இடங்களில் விடுவார்கள், வளையம் என்றால் சிரமம். மருதாணியைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. அக்கா கல்யாணம் முடிந்த மறுவாரம் நேர்காணல் என்றால் உள்ளங்கையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். பொட்டு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 2022 இறுதியில் ஏர் இந்தியா தன் விமானப் பணியாளர்களுக்கு வகுத்த விதிகளில் பொட்டு அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றிருந்ததாகச் செய்தி வந்தபோது எங்கள் ஓய்வறையில் ஒருத்தி அளவுகோல் எடுத்து வந்தாள். மறுபக்கம், பிரிட்டனின் வர்ஜின் அட்லாண்டிக் 2019-லேயே பெண் பணியாளர்களுக்கு ஒப்பனை கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே சேர்ந்த அன்று கையில் தரும் விதிப் புத்தகமே முடிவானது. அதற்கும் நான் சொல்வதற்கும் முரண் வந்தால் என்னை விட்டுவிடுங்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு வேலை குறைவு என்று நினைப்பு. தினமும் சவரம். சீக்கியர்களின் தலைப்பாகைக்கும் தாடிக்கும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்குத் தாடி அனுமதி இருந்தாலும் ஒழுங்காகத் திருத்தியதாக இருக்க வேண்டும். மூன்று நாள் முள்தாடி எங்கும் செல்லாது. ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் கார்த்திகை பிறப்பதற்கு முன்பே மேற்பார்வையாளரிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். மாலையோடு வந்து நின்று கேட்டால் அவருக்கும் தர்மசங்கடம், உங்களுக்கும் தர்மசங்கடம். மொட்டை தவறில்லை. என்னோடு இருந்த தம்பி ஒருவன் திருப்பதி போய்விட்டு நேராகப் பணிக்கு வந்தான். வாசலில் நின்ற பாதுகாப்புப் படைவீரர் நுழைவு அட்டைப் புகைப்படத்தையும் அவன் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அட்டையும் உங்கள் தோற்றத்தில் ஒரு பகுதிதான். எல்லோர் கண்ணிலும் படும்படி அணிந்திருக்க வேண்டும். பின்பக்கம் திரும்பித் தொங்கினால் வழியில் நிறுத்திக் கேட்பார்கள்.

வியர்வை நாற்றத்தைப் பற்றி யாரும் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். உள்ளே பருத்தி பனியன், குளித்து உடம்பு உலர்ந்த பிறகு வாசனை நீக்கி. கடும் சென்ட் வேண்டாம். கவுன்ட்டருக்கு எதிரே நிற்பவர் கர்ப்பிணியாக இருக்கலாம்.

விமானம் நிற்கும் இடத்தில், அதாவது ரேம்ப்பில் வேலை என்றால் கணக்கே வேறு. அங்கே ஒளிரும் மேலங்கியின் முன்பக்கம் மூடியிருக்க வேண்டும், பாதுகாப்பு ஷூ, காதுக்கு அடைப்பான். கழுத்தில் துப்பட்டா போல எதுவும் தொங்கக் கூடாது. கல்யாண மோதிரமானாலும் கழற்றிவிடுங்கள். பெட்டி ஏற்றும் பெல்ட்டிலோ கதவின் கொக்கியிலோ மோதிரம் மாட்டி, உடம்பு ஒரு பக்கம் இழுபட்டால் விரல் தோலோடு உரிந்து வரும். ஹேர்பின், பேனா மூடி, சட்டைப் பொத்தான் எதுவும் கீழே விழக் கூடாது. விழுந்ததைத் தாண்டிப் போகவும் கூடாது, குனிந்து எடுக்க வேண்டும். இது சுத்தத்துக்காக மட்டும் அல்ல. 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே கான்கார்ட் விமானம் விழுந்து 113 பேர் இறந்தார்கள். வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்து கிடந்த உலோகப் பட்டை அதன் டயரைக் கிழித்ததில் தொடங்கியது அது. தளர்ந்த கொண்டை ஊசியைக் கவுன்ட்டரில் ஒழுங்கீனம் என்பார்கள். ரேம்ப்பில் அதற்குப் பெயர் அபாயம்.

நேர்காணல் அன்று: அறிவிப்பில் என்ன உடை என்று போட்டிருக்கிறதோ அதுவே. எதுவும் போடவில்லை என்றால் வெளிர் நிறச் சட்டை, அடர் நிறக் கால்சட்டை. புடவை கட்டப் பழகியவர்கள் மடிப்பு கலையாமல் ஊசி குத்திக் கட்டலாம். பழகாதவர்கள் அன்றைக்கு ஆரம்பிக்க வேண்டாம். மின்சார ரயிலில் விமான நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலம் நிலையத்துக்கு வருகிறவர்கள் காலை நெரிசலுக்கு முந்தைய வண்டியைப் பிடியுங்கள். இஸ்திரி போட்ட சட்டை ஒரு நெரிசலைத் தாங்காது. பையில் நான்கு கொண்டை ஊசி, கறுப்பு நூல் கோத்த தையல் ஊசி, ஒரு சேஃப்டி பின், ஈரத் துணி, சீப்பு இருக்கட்டும். "சீருடைக்கும் தோற்றப் பயிற்சிக்கும் முன்பணம்" என்று யாராவது கேட்டால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். ஒழுங்கான நிறுவனம் எதுவும் வேலை தருவதற்குப் பணம் கேட்காது.

ஷூவை மட்டும் இரண்டு வாரம் முன்பே வாங்குங்கள். கறுப்பு, மூடிய முன்பக்கம், குதிகால் இரண்டு அங்குலத்துக்குள். ஜப்பான் ஏர்லைன்ஸே 2020-ல் குதிகால் உயர்ந்த ஷூ கட்டாயம் என்ற விதியை விட்டுவிட்டது. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்கி, தினமும் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்து பழக்குங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இரவு புது ஷூவோடு போனேன். இரண்டு மணிக்குக் குதிகாலில் ரத்தம். விடியும்வரை சிரித்துக்கொண்டே நின்றேன், வீட்டுக்கு வந்து அழுதேன். பெல்ட்டை அண்ணனிடம் வாங்கிக்கொள்ளலாம், கைக்கடிகாரத்தைத் தோழியிடம் கேட்கலாம். ஷூவை மட்டும் யாரிடமும் இரவல் வாங்காதீர்கள்.