ஆர்36எஸ் கையடக்கக் கருவியில் புது லினக்ஸ் ஏற்றுவது எப்படி?

ஆர்36எஸ் என்பது 3.5 அங்குலத் திரை உள்ள சின்ன கேமிங் கருவி. ஆர்கே3326 சிப், 1 ஜிபி ரேம், உள்ளே ஓடுவது ஆர்க்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம் (ஓஎஸ்). ஓஎஸ் முழுவதும் மெமரி கார்டில் இருப்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. புதுக் கார்டில் வேறு லினக்ஸை ஏற்றிப் பாருங்கள். சரிப்பட்டு வராவிட்டால் பழைய கார்டைச் செருகினால் போதும், கருவி பழையபடி எழுந்துவிடும். லினக்ஸ் பழக ஆசைப்படும் பிள்ளைகள் தைரியமாகக் கை வைக்கலாம்.

முதலில் நல்ல கார்டு வேண்டும். கூடவே வரும் பெயரில்லாத கார்டை நம்ப வேண்டாம், சீக்கிரம் கெட்டுவிடும். மதுரையில் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் ஹால் ரோடு பக்கம் போனால் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சான்டிஸ்க் அல்லது சாம்சங், 64 ஜிபி போதும். பில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால், கார்டு போலியா என்று தெரிந்துவிடும்.

படி 1: பழைய கார்டைப் பத்திரப்படுத்துங்கள்

பழைய கார்டைக் கணினியில் செருகியதும் விண்டோஸ், "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள். லினக்ஸ் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாததால் வரும் கேள்வி அது. கார்டில் கோளாறு எதுவும் இல்லை.

வின்32 டிஸ்க் இமேஜர் என்ற மென்பொருளில் 'ரீட்' கொடுத்து, கார்டு முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமியுங்கள். பிறகு 'பூட்' என்ற சின்னப் பகுதியைத் திறந்து, டிடிபி என்று முடியும் கோப்புகளைத் தனி ஃபோல்டரில் எடுத்து வையுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆர்36எஸ் எல்லாம் வெளியே ஒரே மாதிரி இருந்தாலும், உள்ளே திரை பேனல் வேறு வேறு. உங்கள் பேனலை எப்படி இயக்குவது என்ற விவரம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

படி 2: எழுதுங்கள்

ஆர்36எஸ்ஸுக்கென்றே ஆர்வலர்கள் கட்டிய ஆர்க்ஓஎஸ் பதிப்பை கிட்ஹப் தளத்தில் இருந்து இறக்கி, பலேனா எட்சர் என்ற மென்பொருள் மூலம் புதுக் கார்டில் எழுதுங்கள். எந்த டிரைவ் என்று இருமுறை பாருங்கள், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை உள்ள நாள் என்றால், சார்ஜ் ஏற்றிய லேப்டாப்பில் செய்யுங்கள்.

படி 3: திரைக் கோப்பு

புதுக் கார்டின் 'பூட்' பகுதியில், எடுத்து வைத்த டிடிபி கோப்புகளை ஒட்டுங்கள். "ரீப்ளேஸ் செய்யவா?" என்றால் சரி என்று சொல்லுங்கள்.

படி 4: முதல் பூட்

புதுக் கார்டை, கருவியில் ஓஎஸ் கார்டுக்கான துளையில் செருகி ஆன் செய்யுங்கள். கார்டின் மீதி இடத்தையும் தனதாக்கிக்கொள்ள, அதுவே ரீஸ்டார்ட் ஆகும். அதுவரை எந்தப் பட்டனையும் தொடாதீர்கள்.

விளக்கு எரிகிறது, சத்தமும் வருகிறது, ஆனால் திரை மட்டும் கறுப்பா? பதறாத காரியம் சிதறாது. ஓஎஸ் நன்றாகவே ஓடுகிறது, திரைக் கோப்புதான் பொருந்தவில்லை. அணைத்துவிட்டு மூன்றாம் படியை மறுபடி செய்யுங்கள்.

விளையாட்டுகளைப் பழைய கார்டின் 'ஈஸிரோம்ஸ்' பகுதியில் இருந்து அப்படியே நகலெடுக்கலாம். சேமித்த ஆட்டங்களும் அதே ஃபோல்டரில் இருப்பதால் கூடவே வந்துவிடும். உங்களுக்கு உரிமை உள்ள விளையாட்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இது கைவந்த பிறகு ராக்னிக்ஸ் என்ற இன்னொரு லினக்ஸ் பக்கம் போகலாம். 2024இல் நின்றுபோன ஜெலோஸ் என்ற லினக்ஸின் வழியில் வந்தது அது, கெர்னலும் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) புதியது. அதனாலேயே ஆர்க்ஓஎஸ்ஸின் டிடிபி கோப்பை அதில் நேரடியாக ஒட்ட முடியாது. அதற்குத் தனி வழி இருக்கிறது. முதல் நாளே அகலக்கால் வைக்க வேண்டாம். அப்புறம், அதற்கும் இன்னொரு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஓடுகிற கார்டை அழிக்காதீர்கள்.