மார்பகக் குறைப்பு அறுவைக்குக் காப்பீடு கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

கனத்த மார்பகத்தால் கழுத்து, தோள், மேல்முதுகு எல்லாம் வலிக்கிறது; மார்பின் அடியில் வியர்வை தேங்கிப் புண்ணாகிறது. இவ்வளவு அவதிப்பட்டும் பலருக்கு முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. காரணம் நோய் இல்லை என்பதல்ல, நோய் காகிதத்தில் இல்லை என்பதுதான். அறுவைக்கு ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு வேறுபாடு. மார்பகக் குறைப்பு என்பது திசுவை வெட்டி எடுத்து எடையைக் குறைப்பது. மார்பகத் தூக்கல் என்பது தொய்ந்த தோலை நீக்கி, முலைக்காம்பை மேலே கொண்டுவந்து, வடிவத்தைச் சரிசெய்வது. எடை பெரிதாகக் குறையாது. முன்னதை மருத்துவத் தேவையாக ஏற்கும் பாலிசிகள் பல உண்டு. பின்னதைத் தனியாகக் கேட்டால் அழகு சிகிச்சை என்றுதான் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பகத்தை இழந்தவருக்கு மறுபக்கத்தைச் சமப்படுத்தச் செய்வது முக்கியமான விதிவிலக்கு. அமெரிக்காவில் 1998-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் இதைப் பெரும்பாலான காப்பீடுகளுக்குக் கட்டாயமாக்கியது. குறைப்பு அறுவையிலேயே முலைக்காம்பு மேலே நகர்த்தப்படுகிறது என்பதால், அதனுடன் தூக்கலுக்கும் தனியாகப் பில் போட்டால் நிற்காது.

பாலிசிப் புத்தகத்தோடு நிற்காமல், குறைப்பு அறுவைக்கென்று நிறுவனம் வைத்திருக்கும் மருத்துவ விதிமுறையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை மாதச் சிகிச்சை, எத்தனை கிராம், என்ன படங்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அழகு சிகிச்சை விலக்கு என்ற பொதுவான ஒற்றை வரி மட்டும் இருந்தால், 'மருத்துவத் தேவை இருந்தால் தவிர' என்ற சொற்கள் பக்கத்தில் உண்டா என்று பாருங்கள். குறைப்பு அறுவையே பெயர் சொல்லி விலக்கப்பட்டிருந்தால், எவ்வளவு நல்ல ஆவணமும் உதவுவது கடினம். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது கிராம் கணக்கு. இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். சில நிறுவனங்கள் ஒவ்வொரு மார்பகத்திலும் 500 கிராம் திசு எடுக்க வேண்டும் என்று நேராக வைக்கும். பல நிறுவனங்கள் 1991-ல் வெளிவந்த ஷ்னர் அட்டவணையைப் பின்பற்றுகின்றன; உடல் பரப்புக்கு ஏற்ப எத்தனை கிராம் எடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோவிலும் எடுத்துப் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். அதுதான் உடல் பரப்பு. 160 செ.மீ., 65 கிலோ என்றால் 10,400-ஐ 3600-ஆல் வகுக்க 2.89, அதன் மூலம் 1.70 சதுர மீட்டர். அட்டவணைப்படி ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 370 கிராம் எடுக்க வேண்டும். பரப்பு 1.50 என்றால் 260, 2.00 என்றால் 628. மருத்துவர் 'ஏறத்தாழ 350' என்று எழுதிவிட்டால் 20 கிராமுக்காக விண்ணப்பம் விழும். அதற்காக எண்ணை ஏற்றி எழுதச் சொல்லக் கூடாது. எடுத்த திசுவை அறுவை அரங்கிலேயே எடை போட்டு, இரு பக்கத்தையும் தனித்தனியாகப் பதிவுசெய்து, நோய்க்கூறு ஆய்வுக்கு அனுப்புவார்கள். எடை குறைந்தால் பணம் தர மறுக்கலாம். லிப்போசக்‌ஷனில் உறிஞ்சிய கொழுப்பைப் பல நிறுவனங்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதையும் அறுவை நிபுணரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

பதிவுகள் எப்படி இருக்க வேண்டும்? 'முதுகுவலி' என்ற ஒற்றைச் சொல் போதாது. எங்கே, எத்தனை மாதமாக, எந்த வேலையைத் தடுக்கிறது, முதுகெலும்பில் வேறு கோளாறு இல்லை என்று எப்படித் தெரிந்தது என்று பொது மருத்துவர் எழுத வேண்டும். பிசியோதெரபி, வலி மாத்திரை, அகலப் பட்டையுள்ள சரியான அளவு பிரா ஆகியவற்றை மூன்று முதல் ஆறு மாதம் முயன்றும் பலனில்லை என்பது தேதியோடு இருக்க வேண்டும். மூன்று மாதம் கேட்கும் இடத்தில் பத்து வாரத்தோடு நிறுத்தியவர்கள் திரும்பத் தொடங்க நேர்கிறது. மார்பின் அடிப்புண்ணை அது இருக்கும் நாளிலேயே தோல் மருத்துவரிடம் காட்டி, தந்த களிம்பின் பெயரோடு பதிவு வாங்குங்கள். ஆறிய பிறகு சொல்லும் சொல்லுக்கு வலு குறைவு. படங்கள் கழுத்திலிருந்து இடுப்பு வரை, முன்பக்கமும் இரு பக்கவாட்டும். பிரா பட்டை பதிந்த தோள்பள்ளம் தெரிய வேண்டும். முகம் தேவையில்லை.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் வளர்ச்சி நின்றதற்கான சான்றும், நாற்பதைத் தாண்டியவருக்கு அண்மைய மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) கேட்பது வழக்கம். புகைப்பிடிப்பவர் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் முலைக்காம்பின் தோல் செத்துப்போகும் ஆபத்து உண்டு.

நிபுணரின் கடிதத்தில் ஐசிடி-10 என்ற சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலின் N62 (மார்பக மிகைவளர்ச்சி) இருக்கட்டும். 'தொய்வு', 'வடிவம்', 'தோற்றம்' போன்ற சொற்களே காரணமாக நின்றால், அவற்றையே எடுத்துக்காட்டி மறுப்பார்கள். தொய்வு உண்மையானால் அளவீடாக எழுதலாம்: கழுத்தெலும்புக் குழியிலிருந்து முலைக்காம்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று.

முன்அனுமதி எழுத்தில் வரும் வரை அறுவைத் தேதியை உறுதி செய்யாதீர்கள். மயக்க மருந்து நிபுணர், ஆய்வகம், மருத்துவமனை மூன்றும் தனித்தனியாகப் பில் போடலாம். மூன்றும் உங்கள் பாலிசியில் அடங்குமா என்று கேளுங்கள். அனுமதிக் கடிதத்திலேயே 'பணம் தருவதற்கான உறுதி அல்ல' என்ற வரி இருந்தால், எந்த நிபந்தனை மீதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுத்தால் தொலைபேசியில் வாதாடுவதில் பயன் குறைவு. எந்த விதியின் எந்த வரி நிறைவேறவில்லை என்று எழுத்தில் வாங்கி, அந்த ஒன்றுக்கு மட்டும் ஆவணம் சேர்த்து, கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். நிபுணரும் நிறுவன மருத்துவரும் நேரடியாகப் பேசும் அழைப்பைக் கேட்டால் சில நேரம் அதிலேயே முடிந்துவிடும். கிராம்தான் சிக்கல் என்றால், அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை நிபுணர்கள் சங்கம் 2022-ல் திருத்திய வழிகாட்டுதலை இணையுங்கள்: எடுக்கும் எடையை விட அறிகுறிகளைப் பார்த்தே அறுவையை முடிவு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. உள் மேல்முறையீடும் தோற்றால், நிறுவனத்துக்கு வெளியே உள்ள குறைதீர்ப்பு அமைப்பிடம் அதே கோப்பை அனுப்பலாம்.